மணல் போத்தலுக்குமா தடை?

மண்டபச் செயலவையினருக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நம் சுங்கை சிப்புட் மண்டபத்தின் பின்கட்டில் நான் பயிற்சி தரும் நான்கு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு மினரல் போத்தல். உள்ளே ஒரு கிலோ ஆற்று மணல். அதை ஒற்றைக் கையில் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடித்து, சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தார்கள். முப்பதைத் தாண்டினால் போத்தல் நடுங்கும். நாற்பதில் கை தானாக இறங்கும். இதைத்தான் நீங்கள் துப்பாக்கிப் பயிற்சி என்றீர்கள். பிள்ளைகள் குண்டர் கும்பலில் சேர்ந்துவிடுவார்கள் என்று சொல்லிக் கதவையும் பூட்டினீர்கள்.

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. 1948 ஜூன் 16-ஆம் நாள் இவ்வூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. துப்பாக்கி என்றாலே குரலைத் தாழ்த்திக்கொள்ளும் கிழவிகளிடம் வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் நான் பன்றிக் காவலரின் மகனும்கூட. செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டும் காலத்தில், தோட்டத்துக் கணக்கரான கிராணி என் அப்பாவிடம் ஐந்து தோட்டாக்களை எண்ணிக் கொடுப்பார். விடிந்ததும் சுடாத தோட்டாவோடு சுட்டதன் வெற்றுக் கூட்டையும் ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை ஒரு கூடு சேற்றில் விழுந்துவிட்டது. என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய், கிடைக்கும்வரை டார்ச் லைட் வெளிச்சத்தில் தேடினார். அதுவரை அவர் தேநீரைக்கூடத் தொடவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்காள் மகனும் வெற்றுக் கூடு பொறுக்குகிறான், வேறு காரணத்துக்காக. கைத்துப்பாக்கியில் சுட்ட பித்தளைக் கூட்டில் புது வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவது அங்கே பொழுதுபோக்கு. மருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுக்கிறான். பதினைந்து கிரெயின் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிராம். அவனுடைய பொறுமை எனக்குப் பிடிக்கும். அந்த வேலை இங்கே வேண்டவே வேண்டாம். நம் மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கிகூட ஆயுதம்தான். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால், தண்டனையைக் கூட்டிய 1971 சட்டப்படி 14 ஆண்டுவரை சிறை, பிரம்படியும் உண்டு. இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட்டேன்.

நான் அவர்களைத் தயார் செய்வது பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டிக்கு. குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். பத்துப் புள்ளி தரும் நடுவட்டம் 11.5 மில்லிமீட்டர், ஐந்து சென் காசைவிடச் சிறியது. 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். முன்கோபிக்கு இது சரிப்படாது. நானே முதல் ஆண்டு அப்படித்தான் தோற்றேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு துப்பாக்கி ஏந்திக் களத்தில் நின்ற நூர் சூர்யானி நம் நாட்டுப் பெண்தானே, அவரை எந்தக் கும்பலில் சேர்ப்பது?

மண்டபத்துக்குள் துப்பாக்கி வராது. உண்மையான பயிற்சி சுபாங் சுடுதளத்தில், பயிற்றுநர் முன்னிலையில் மட்டுமே. அது இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். மாதம் ஒருமுறை மன்றத்தின் வேன் வேண்டும். எண்ணெய்ச் செலவு என்னுடையது. வெள்ளிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் பின்கட்டும் வேண்டும். வாரம் ஒருவர் வந்து கூடவே உட்கார்ந்து பாருங்கள். முடிந்தால் போத்தலையும் தூக்கிப் பாருங்கள்.

நான்கு போத்தல்களும் உள்ளே ஜன்னலோரத்தில்தான் இருக்கின்றன. சாவி உங்களிடம்.

இப்படிக்கு,
பன்றிக் காவலரின் மகன்