உக்ரைன் போர்நிறுத்த யோசனைகள்: விடுபட்ட கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உக்ரைன் போரை முடிக்க வல்லுநர்கள் முன்வைக்கும் யோசனைகளைத் தொகுத்துச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்டிருந்த கட்டுரையை இருமுறை படித்தேன். படைகள் நிற்கும் இடத்திலேயே நின்றுகொள்வது, உக்ரைன் நடுநிலை நாடாவது, கைப்பற்றப்பட்ட நிலத்தின் உரிமையைப் பிற்காலப் பேச்சுக்கு விட்டுவைப்பது என்று அதில் வந்த யோசனைகள் பெரும்பாலும் எல்லைக்கோட்டை எங்கே கிழிப்பது என்பதோடு நின்றுவிடுகின்றன. கிழித்த கோட்டை ஒருவர் தாண்டினால் யார் வந்து கேட்பது என்பதற்குக் கட்டுரையில் அரைப் பத்திகூட இல்லை.

கொரியாவை முன்மாதிரியாகக் காட்டுவது எளிது. ஆனால் அங்கே வட, தென் கொரியாக்களின் போரை நிறுத்த 1951 ஜூலையில் தொடங்கிய பேச்சு 1953 ஜூலை 27 அன்றுதான் கையெழுத்தில் முடிந்தது. அந்த இரண்டு ஆண்டுகளும், போர்முனை பெரிதாக நகராதபோதும், ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். பேச்சை இழுத்தடித்தது நிலத்தைவிட, சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்த போர்க்கைதிகளை என்ன செய்வது என்ற சிக்கல்தான். அதற்கென அமைந்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு நம் ஜெனரல் திம்மையா தலைமை ஏற்றார். 22,000க்கும் மேற்பட்ட கைதிகளை இந்தியப் படையினர் காவலில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தென் கொரியாவோ அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே இடவில்லை. அப்படியிருந்தும் அது இன்றுவரை நிலைக்கிறதென்றால், அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா அந்நாட்டுடன் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையும், அங்கேயே தங்கிவிட்ட அமெரிக்கப் படையும் முக்கியக் காரணங்கள். கட்டுரையாளர் எல்லைக்கோட்டை எடுத்துக்கொண்டார்; படையை விட்டுவிட்டார்.

உக்ரைனியர்கள் காகிதத்தை நம்பத் தயங்குவதில் வியப்பில்லை. அணு ஆயுதங்களைக் கைவிட்டதற்கு ஈடாக 1994இல் புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் தந்த உறுதிமொழி, 2014இல் கிரிமியா பறிபோனபோது அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. கிழக்கு உக்ரைனில் சண்டையை நிறுத்த அடுத்து வந்த மின்ஸ்க் ஒப்பந்தங்களைக் கண்காணித்தவர்கள் ஆயுதமற்றவர்கள். நாள்தோறும் மீறல்களை எண்ணி அறிக்கை வெளியிட்டார்கள், அவ்வளவுதான். 2022இல் ரஷ்யாவும் உக்ரைனும் நடத்திய இஸ்தான்புல் பேச்சு இடறிய இடங்களில் முக்கியமானதும் இதுவே: உக்ரைன் மீண்டும் தாக்கப்பட்டால், உத்தரவாதம் தந்த நாடுகள் உதவிக்கு வர ரஷ்யாவின் சம்மதமும் வேண்டும் என்று ரஷ்யா கேட்டது. திருடனின் ஒப்புதல் பெற்றுத்தான் காவலரைக் கூப்பிட வேண்டும் என்றால் கூப்பிட்டு என்ன பயன்?

தமிழர்களுக்கு இது பார்த்த காட்சிதான். 2002இல் நார்வே முன்னின்று இலங்கையில் ஏற்படுத்திய போர்நிறுத்தத்தையும் இப்படித்தான் நார்வே, சுவீடன் போன்ற நார்டிக் நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஆயுதமின்றிக் கண்காணித்தார்கள். 2008 ஜனவரியில் அரசு விலகியதும் அவர்களும் மூட்டை கட்டினார்கள். பிறகு நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை.

ஏற்காட்டில் காபி பயிரிடுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ரஷ்யாவிலிருந்தும் பெலாரஸிலிருந்தும் வரும் பொட்டாஷ் உரத்தைப் பற்றிப் போர் தொடங்கிய ஆண்டில் எங்கள் மலையில் பேசாத தோட்டக்காரர் இல்லை என்பது ஒருபுறமிருக்க, எனக்கு வேறொரு அனுபவமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் தோட்டத்துக்கும் பங்காளியின் தோட்டத்துக்கும் நடுவே சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுவிட்டு மலையிறங்கினார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள், மிளகுக்கொடி ஏறிய மூன்று சில்வர் ஓக் மரங்கள் அந்தப் பக்கத்துச் சொத்தாகியிருந்தன. மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன, கல்தான் நடந்திருந்தது. அந்த வருஷத்து மிளகும் எங்கள் கைக்கு வரவில்லை. பங்காளிச் சண்டையையும் நாடுகளின் போரையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும் சர்வேயர் போன பிறகு கல்லை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைத்தான் முதலில் தேடுகிறேன்.

இந்தியா மத்தியஸ்தம் செய்ய வேண்டும் என்று கட்டுரை முடிகிறது. மத்தியஸ்தம் பெரிய சொல். 1953இல் நாம் செய்தது அலுப்பும் ஆபத்தும் நிறைந்த காவல் வேலை. அதுபோன்ற வேலைக்கு இன்று ஆளனுப்ப நாம் தயாரா, எத்தனை பேரை, எவ்வளவு காலத்துக்கு, அவர்கள் மீது குண்டு விழுந்தால் திருப்பிச் சுட அனுமதி உண்டா என்பதை, அமைதிப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடம் எழுதி வாங்கி அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.