ஒப்புக்கொண்டால் போதுமா?

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் மேரிலாந்தில் குடும்பத்தோடு வாழ்ந்த ஒருவரை எல் சால்வடாருக்கு அனுப்பக் கூடாது என்று குடிவரவு நீதிபதி 2019இல் உத்தரவிட்டிருந்தார். 2025 மார்ச்சில் அரசு அவரை அந்த நாட்டுக்கே விமானத்தில் ஏற்றி அனுப்பியது. அங்கே பெருஞ்சிறையில் அடைத்தார்கள். நிர்வாகத் தவறு என்று அரசுத் தரப்பே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அவர் திரும்ப வழிசெய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் ஏப்ரலில் சொல்லியும், அவர் வந்து சேர ஜூன் ஆகிவிட்டது. வந்ததும் குற்றவழக்கு! உண்மையை ஒப்புக்கொண்ட அரசு வழக்கறிஞருக்கோ வேலை போனது. எனக்கு இதில்தான் கோபம் அதிகம்.

குடிவரவுச் சட்டத்தை அமல்படுத்தும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு; அதை மறுக்கவில்லை. ஆனால் உத்தரவை மீறி ஆளை அனுப்பிய அதிகாரிகள் யார் யார் என்று அமெரிக்க நாடாளுமன்றம் பகிரங்கமாக விசாரித்தே ஆக வேண்டும்.

– வாசகர், திருச்சி