ரோலண்டின் கையில் எண்ணெய் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 'ஹால் விளைவு' (காந்தப்புலத்தில் வைத்த தகட்டில் மின்னோட்டம் ஓடும்போது, குறுக்கே ஒரு மின்னழுத்தம் தோன்றுவது) கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அதைக் கண்டுபிடித்த எட்வின் ஹாலின் பேராசிரியர், அமெரிக்க இயற்பியலாளர் ஹென்றி ரோலண்டைப் பற்றிப் பேசும் இடத்தில், 'கையில் எண்ணெய் படாத ஏட்டறிஞர்' என்று ஒரே வரியில் ஆளை முடித்துவிட்டீர்கள். முப்பது வருடம் லேத்தில் நின்றவன் நான். அந்த வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ரோலண்ட் கட்டடப் பொறியியல் படித்தவர். 1870-ல் பட்டம் பெற்றார். காந்தத்தைப் பற்றி அவர் எழுதிய முதல் பெரிய கட்டுரையை அமெரிக்க இதழ் ஒன்று திருப்பி அனுப்பியது. அதை இங்கிலாந்துக்கு, மின்காந்தவியலின் மேதை மாக்ஸ்வெல்லுக்கே அனுப்பிவைத்தார். மாக்ஸ்வெல் பாராட்டி, 1873-ல் லண்டன் இதழில் அச்சேற வழி செய்தார். (பத்திரிகை ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்கலாம்.) பிறகு பெர்லினில் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஆய்வகத்தில், மின்னூட்டம் ஏற்றிய எபோனைட் (கெட்டி ரப்பர்) தட்டை வேகமாகச் சுழற்றி, ஓடும் மின்னூட்டமும் மின்னோட்டத்தைப் போலவே காந்தப்புலம் உண்டாக்கும் என்று காட்டினார். 1876-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் இயற்பியல் பேராசிரியர் அவர்தான்.

நான் சொல்ல வந்தது அவருடைய திருகைப் பற்றி.

ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் கீற்றணிக்கு, பளபளப்பாக மெருகிட்ட உலோகத் தகட்டில் வைர முனையால் அங்குலத்துக்கு 14,000-க்கும் மேற்பட்ட கோடுகள் கீற வேண்டும். எல்லாம் சம இடைவெளியில் விழ வேண்டும். தகட்டை நகர்த்துவது ஒரு திருகு. அதன் மரையில் (திருகைச் சுற்றி ஓடும் வரிப்பள்ளத்தில்) துளி பிசகு இருந்தாலும் அது சுற்றுக்குச் சுற்று திரும்ப வரும். நிறமாலையில் இல்லாத கோடுகள் இருப்பதுபோலத் தெரியும். லேத்தில் மரை வெட்டியவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும்: வெட்டுகிற மெஷினின் திருகில் உள்ள பிழை, வெட்டப்படும் திருகிலும் ஏறிவிடும். ரோலண்ட் கண்ட வழி, வெட்டிய திருகைத் தேய்த்தே திருத்துவது. நீளமான ஒரு நட்டைப் பிளந்து, திருகின் மேல் பூட்டி, எமரித் தூளும் (உலோகத்தைத் தேய்க்கும் கடினத் தூள்) எண்ணெயும் விட்டு, முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இடையிடையே நட்டைத் தலைமாற்றிப் போட வேண்டும். ஓரிடத்து மேடு இன்னோரிடத்துப் பள்ளத்தோடு உரசி உரசி, பிழை எல்லாம் சராசரியாகிக் கரையும். இதை எழுதிவைத்ததும் அவரே: பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் 'திருகு' என்ற தலைப்பின் கீழ். கூடவே நின்று வேலை செய்த மெக்கானிக் தியோடர் ஷ்னைடர் பெயரையும் யாராவது எழுதினால் நன்றாயிருக்கும்.

வெப்பநிலை மாறினால் உலோகம் விரியும் என்பதால் கோடு கீறும் மெஷினை நிலவறையில் வைத்தார். 1882-ல் குழிந்த தகட்டிலேயே கோடு கீறும் யோசனை வந்தது. ஒளியைக் குவிக்க லென்ஸே தேவையில்லாமல் போயிற்று. சூரிய நிறமாலையில் சுமார் 20,000 கோடுகளை அளந்து அட்டவணையாக்கினார். கீற்றணிகளையும் அடக்க விலைக்கு ஒட்டியே உலகத்து ஆய்வகங்களுக்குக் கொடுத்தார்.

1883-ல் மினியாபோலிஸில் தூய அறிவியலுக்காக அவர் வாதாடிய உரையைத்தான் உங்கள் கட்டுரையாளர் பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது. புதுப் பதார்த்தம் கண்டுபிடித்த சமையற்காரரை வேதியியலாளர் என்று யாரும் அழைப்பதில்லையே என்று அதில் கேட்டார், உண்மைதான். அது தந்தியையும் மின்விளக்கையும் அறிவியல் என்று சொல்லித் திருப்தியடைந்த நாட்டின் மேல் வந்த கோபம். பட்டறையின் மேல் அல்ல.

ஹால் விஷயத்திலும் ஒன்று விட்டுப்போயிற்று. காந்தத்தின் விசை கம்பியின் மேல்தான், அதில் ஓடும் மின்னோட்டத்தின் மேல் அல்ல என்று மாக்ஸ்வெல் புத்தகத்தில் உள்ள கூற்று சந்தேகமாக இருக்கிறதே என்று ஹால் கேட்டபோது, ரோலண்டுக்கும் அதே சந்தேகம் இருந்தது. தாமே அவசரமாக ஒரு சோதனை செய்து தோற்றும் இருந்தார். மெல்லிய தங்கத் தகட்டை வைத்துப் பார் என்று சொன்னதும் அவர்தான்.

சத்தியம் செய்துவிட்டுச் சாட்சிக் கூண்டில் ரோலண்ட் தம்மையே தலைசிறந்த இயற்பியலாளர் என்று சொல்லிக்கொண்டதாக ஒரு கதை உண்டு. அதைப் போட உங்கள் கட்டுரையில் இடம் இருந்தது, திருகுக்கு இடமில்லை!

இன்சுலின் வராத காலத்தில் சர்க்கரை நோயோடு போராடி, 1901 ஏப்ரல் 16 அன்று 52 வயதில் இறந்தார். அவர் விரும்பியபடி, சாம்பலை நிலவறைச் சுவரில், அந்த மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துப் பூசினார்கள். 'எண்ணெய் படாத' என்ற அந்த இரண்டு சொற்களை மட்டும் அடுத்த இதழில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி,
ஈரோடு.