தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை

கடலூரில் ரத்தப் பரிசோதனை நிலையங்கள் நடத்தும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம். விந்துப் பரிசோதனையைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை உங்களில் ஒருவருடைய லேபுக்கு வந்திருந்தேன். கவுண்டரில் இருந்தவர், பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்க, "செமன் டெஸ்ட்டா? கல்யாணமாகி எத்தனை வருஷம்?" என்று உரக்கக் கேட்டார். சரி, அது அவர் வேலை. அப்புறம் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து, மாடிப்படிக்கு அடியில் இருந்த கழிப்பறையைக் காட்டினார். சிறுநீர் கொடுக்க வருபவர்களுக்கும் அதேதான். உள்ளே தாழ்ப்பாள் இல்லை. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்; மீதியை எழுத வேண்டாம். மூன்று முறை தட்டினார்கள். மூன்றாவதாகத் தட்டியவர் சர்க்கரை பார்க்க வந்த பெரியவர். "தம்பி, கொஞ்சம் சீக்கிரம்பா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு என்ன அவசரமோ.

முடியவில்லை என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டிலேயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். என் வீடு பண்ருட்டிக்கு அப்பால். மறுநாள் டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பேருந்தில் நின்றே வந்து சேர ஒன்றரை மணி ஆனது. எத்தனை மணிக்கு எடுத்தது, அதற்கு முன் விந்து வெளியேறி எத்தனை நாள் ஆனது, சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, ஒன்றும் கேட்கவில்லை. விந்தணு உருவாகி வர இரண்டரை மாதம் ஆகும், இடையில் வரும் கடும் காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைக்கும் என்பது நீங்கள் அறியாததா? ரிப்போர்ட் வந்தது: அசையும் விந்தணுக்கள் 28 சதவீதம். குறைந்தது 42 இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த 42, உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டில் உள்ளது. லேபுக்குப் பக்கத்தில் தனியறை வேண்டும் என்பதும் அதே கையேட்டில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் கிழிந்துவிட்டதோ?

உங்கள் வரவேற்பறையில் ஏசி இருக்கிறது, டிவி இருக்கிறது, மீன்தொட்டி இருக்கிறது. மீன்களுக்குக் கிடைத்த இடம் எங்களுக்கும் வேண்டும். நாலு வருஷமாக என் மனைவிக்கு எடுக்காத ஸ்கேன் இல்லை, கேட்காத பேச்சில்லை. என்னை ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. நானாகத்தான் வந்தேன். இப்படி நிற்க வைத்தால் இன்னொருவன் வருவானா?

கோபத்தில் ஏதாவது அதிகம் எழுதியிருந்தால் மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான்: தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, கை கழுவத் தண்ணீர். மறுபடியும் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், அடுத்த மாதம் வருவேன். அறைக்கு இடமில்லை என்றால் தாழ்ப்பாளை நானே வாங்கி வருகிறேன். பொருத்த அனுமதி மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒருவன்