எட்டாவது இலை

அன்பு மகளுக்கு,

நேற்று உன் பையன் ஃபோனில் கேட்டானே, "தாத்தா, மூணு உறுப்புள்ள கணத்துக்கு எட்டு உட்கணம்னு புத்தகத்துல இருக்கு, எனக்கு ஏழுதான் வருது" என்று. பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்பில் நீயும் இதே ஏழைத்தான் எழுதினாய். நான் சிவப்பு மையில் அடித்துவிட்டு, "இரண்டின் அடுக்கு மூன்று, எட்டு, மனப்பாடம் பண்ணு" என்றேன். காரணம் சொல்லவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான். அவனுக்காவது காரணத்தைச் சொல்லிவிடு.

கல்யாணப் பந்தியை வைத்துச் சொல். வடை, அப்பளம், பாயசம் வருகின்றன. இந்த மூன்றும் சேர்ந்த தொகுப்புதான் கணம், அதில் ஒருவர் தன் இலையில் வாங்கிக்கொண்டவை ஓர் உட்கணம். ஒவ்வொன்றுக்கும் "வைக்கட்டுமா?" என்று கேட்பார்கள், "வைங்க" அல்லது "வேண்டாம்". வடைக்கு இரண்டு பதில். அப்பளமும் சேர்ந்தால் நான்கு. பாயசத்தோடு எட்டு. அவன் எண்ணியவை, ஒன்று மட்டும் வாங்கிய இலைகள் மூன்று, இரண்டு வாங்கியவை மூன்று, எல்லாம் வாங்கியது ஒன்று. சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்று மூன்றுக்கும் வேண்டாம் சொன்னவரை விட்டுவிட்டான். அவருக்கும் இலை போட்டார்கள், அவரும் மூன்று கேள்விக்கும் பதில் சொன்னார். அவர் இலைதான் வெற்றுக் கணம்.

அப்புறம், நான்காவதாக ஜிலேபி வருகிறது என்று வை. பழைய எட்டு இலையும் ஜிலேபி இல்லாமல் அப்படியே இருக்கும். அதே எட்டிலும் ஜிலேபி வைத்தால் இன்னோர் எட்டு. மொத்தம் 16. இந்த இடத்தில் அவனை நிறுத்திக் கேள்: ஜிலேபி மட்டும் இருக்கும் இலை எங்கிருந்து வந்தது? வெறும் இலையிலிருந்து. அதை விட்டுவிட்டு ஏழும் ஏழும் பதினான்கு என்று கூட்டினால் அந்த ஜிலேபி இலை காணாமல் போகும். இதை அவனே கண்டுபிடிக்க வேண்டும், அவசரப்பட்டு நீ சொல்லிவிடாதே.

அவன் எண்ணியதும் அசட்டுத்தனம் இல்லை. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதையில் அறுசுவைகளின் சேர்க்கைகளை இப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள்: தனியாக 6, இரண்டிரண்டாக 15, மூன்றாக 20, நான்காக 15, ஐந்தாக 6, ஆறும் சேர்ந்து 1. மொத்தம் 63. வைத்தியத்துக்குச் சுவையே இல்லாத சேர்க்கை தேவைப்படவில்லை. அதையும் சேர்த்தால் 64, இரண்டின் அடுக்கு ஆறு.

தகு உட்கணத்தில், அதாவது முழுக் கணமாக இல்லாத உட்கணத்தில், மட்டும் கவனமாக இருக்கச் சொல். அங்கேயும் விடை ஏழுதான், ஆனால் கழிப்பது வெற்றுக் கணத்தை அல்ல, முழுக் கணத்தை. விடை ஒன்றாக வருவதால் பிள்ளைகள் இங்கேதான் குழம்புவார்கள்.

சரி, நோட்டில் அவன் எழுதிய ஏழையும் அழிக்கச் சொல்லாதே. அடியில் எட்டாவதை அவன் கையாலேயே எழுதட்டும். எழுதினதும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா