பணியாரக்கல் படம் பார்த்தேன்

கண்ணு,

நீ அனுப்பிய ஐந்து படங்களும் வந்து சேர்ந்தன. போனிலேயே பதில் சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் பார்த்தேன். இரண்டு நாள் நீ எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டாய். ராத்திரி ஒன்பதரை மணிக்கு என்ன மீட்டிங் என்று நான் கேட்கவில்லை. எழுதினால் நீ சௌகரியப்பட்டபோது படிக்கலாம் அல்லவா?

நூறு வருடத்துப் பணியாரக்கல், பாட்டியுடையது மாதிரியே இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். ஏழு குழி, அதே அகலம். தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. 4,800 ரூபாய் கொடுத்தாய் என்பதை மட்டும் அப்பாவிடம் சொல்லவில்லை.

காந்தம் ஒட்டுகிறது, அதனால் அசல் என்று விற்றவன் சொன்னானாம். நேற்று வார்த்த இரும்பிலும் காந்தம் ஒட்டும். எம்.டெக். படித்த பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டு வரலாமா? அவன் கடையில் இருந்த எடைக்கல் ஒன்றும் படத்தின் ஓரத்தில் விழுந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கிலோ என்று வார்த்து, அடியில் 1936 என்று போட்டிருக்கிறான். நம் நாட்டில் கிலோ எடை புழக்கத்துக்கு வந்ததே 1958 அக்டோபரில். அதற்கு முன்பு நம் பக்கத்தில் வீசை, சேர், பலம்தான். இருபத்திரண்டு வருடம் முன்கூட்டியே கிலோவை வார்த்து வைத்த பட்டறை எந்த ஊரில் இருந்ததோ!

உன் கல்லுக்கு வருகிறேன். துருவைப் பார். பழைய துரு கருஞ்சிவப்பாக, இரும்போடு இரும்பாகப் பற்றிக்கொண்டிருக்கும். விரலால் தேய்த்தால் லேசில் வராது. உன்னுடையதில் அடி, விளிம்பு, குழி எங்கும் ஒரே காவி நிறம், பொடியாக. உப்புத்தண்ணீரில் நனைத்துப் போட்டால் சில நாளில் பூக்கிற துரு அது. விளிம்பில் பிறை பிறையாகக் கீறல் தெரிகிறதே, அது மின்சாரச் சாணைச் சக்கரம் ஓடிய தடம். கையால் அரம் போட்டிருந்தால் கோடு நேராக விழும். பாட்டியின் கல்லுக்கு இரண்டு காதும் கல்லோடு சேர்த்தே வார்த்தவை. இதில் மரப்பிடியைத் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறது, திருகாணியின் தலையில் கூட்டல் குறி. அந்த மாதிரித் திருகாணி வந்ததே 1930களில், அதுவும் அமெரிக்காவில். பிடியைப் பிறகு மாற்றியிருப்பார்கள் என்று நீ வாதாடுவாய். சரி, சாணைத் தடத்துக்கு என்ன சொல்வாய்?

உன் ராணிப்பேட்டைத் தாத்தா வார்ப்புப் பட்டறையில் முப்பது வருடம் மண்ணோடு கிடந்தவர். பழைய சாமானையே மண்ணில் பதித்து நகல் வார்ப்பவர்களைப் பற்றி அவர் சொல்வார். இரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். அதற்காக அச்சு செய்கிறவர் அடிக்கு அரைக்கால் அங்குலம் கூட்டிச் செய்வார். நகல் எடுக்கிறவன் எதைக் கூட்டுவான்? அதனால் நகல் அசலைவிட ஒரு சுற்று குறைந்தே பிறக்கும், எழுத்தும் பூவும் மழுங்கிப் போகும்.

இதையெல்லாம்விட ஒன்று இருக்கிறது. பாட்டியின் கல்லில் வலப்பக்கத்து மூன்று குழிகளின் உதடு மட்டும் கண்ணாடி போல வழவழத்திருக்கும். இரும்புக் குச்சியை எப்போதும் அந்தப் பக்கமாகவே விட்டுத் திருப்புவார். இடப்பக்கத்தில் அவ்வளவு தேய்மானம் கிடையாது. உன் கல்லில் ஏழு குழியும் ஒரே மாதிரி இருக்கின்றன. யாருமே சமைக்காத கல், கண்ணு.

போலி என்று தூக்கிப் போட்டுவிடாதே. பெயிண்ட் அடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள், செதில் செதிலாக உரிந்தால் சமையலுக்கு ஆகாது. இல்லையென்றால் துருவைத் தேய்த்துக் கழுவி, வடித்த கஞ்சியில் மூன்று நாள் ஊறப்போடு. தினமும் கஞ்சியை மாற்று. பிறகு நல்லெண்ணெய் தடவிப் பழக்கு. சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, விரிசல் விட்டுவிடும்.

மூன்றாவது படத்தில் கல்லுக்குப் பின்னால் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கழுவிக் கவிழ்த்திருந்தன. நன்றாகத்தான் கழுவுகிறாய். அவளுக்கும் இரண்டு முறை போன் செய்தேன். வேலையாக இருந்திருப்பாள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வர ஆரம்பித்துவிட்டது, அவளுக்குப் பிடிக்கும் என்று வாங்கிவிட்டு, யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் நாங்களே சாப்பிட்டோம். ஊரில் வேறு விசேஷம் இல்லை. வெயில்தான்.

பாட்டியின் கல் உடைந்துவிட்டது என்றுதானே உனக்கும் தெரியும்? உடையவில்லை. நீ ஆறாவது படிக்கும்போது வேலூரில் தண்ணீர் இல்லாமல் லாரிக்குக் காத்துக் கிடந்த கோடை அது. புதிதாக நான்ஸ்டிக் வாங்கியிருந்தேன், கனமான அந்தக் கல் பரண் ஓரத்தில் கிடந்தது. பழைய இரும்புக்காரர் வந்தார். எடைக்குப் போட்டு இரண்டு பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் பாட்டி கேட்டபோது, கை தவறி விழுந்து உடைந்துவிட்டது என்றேன். வார்ப்பிரும்பு விழுந்தால் உடையும், பட்டறைக்காரர் மகள் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

"துண்டு எங்கே?" என்றார் பாட்டி.

அவ்வளவுதான் கேட்டார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாசல் மூலையில் இருந்த குடங்களைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு எட்டு வருடம் உயிரோடு இருந்தார். நான் சுட்ட பணியாரத்தை ஒருநாளும் தொடவில்லை, ஏன் என்று நானும் கேட்கவில்லை. பல் சரியில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அன்றைக்கே ஓடிப்போயிருந்தால் இரும்புக் கடையில் கல் கிடைத்திருக்கும். எனக்குத்தான் வாய் வரவில்லை.

இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. நீயும் சொல்லாதே.

சூட்டுக் கல்லில் பச்சைத் தண்ணீர் வேண்டாம், மறந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. அடுத்த மாதம் வரும்போது கல்லையும் எடுத்து வா, இங்கே நான் பழக்கித் தருகிறேன். காட்பாடியில் எந்த வண்டியில் இறங்குகிறாய் என்று எழுது, அப்பா ஸ்டேஷனுக்கு வருவார். ஒருவனாக வருகிறாயா, இரண்டு பேராக வருகிறீர்களா என்பதையும் எழுது. எப்படி வந்தாலும் சரி. மாவுக்கு எவ்வளவு அரிசி ஊறப்போடுவது என்று தெரிய வேண்டும்.

அம்மா