வாசகர் வட்டம், கடலூர்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், நூலகர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் உழைத்தது இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சனிக்கிழமை வாசிப்புக்குத்தான். அதைப் பற்றியே சொல்கிறேன்.

ஜூனில் தொடங்கியபோது பிள்ளைகள் எழுத்துப் பிசகாமல் படித்தார்கள். புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன நடந்தது?" என்று கேட்டால் விழித்தார்கள். திறக்கவிட்டால், கேள்வியில் உள்ள சொல்லைத் தேடிப்பிடித்து அந்த வரியை அப்படியே ஒப்பித்தார்கள்.

அரசின் வாசிப்பு இயக்கம் தந்த நுழை, நட, ஓடு, பற வரிசைச் சிறுநூல்கள் நல்லவை. ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடும். நாமெல்லாம் வாரப் பத்திரிகையில் 'தொடரும்' என்ற சொல்லைப் பார்த்துத் தவித்து வளர்ந்தவர்கள். கதையை ஒரு வாரம் மனதில் சுமக்கும் அந்தத் தவிப்பு பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று நினைத்தோம். ஏழெட்டு வயதுக்கு ஏற்ற, அத்தியாயம் பிரித்த தமிழ்க் கதைகளைத் தேடினால் அகப்பட்டவை மிகக் குறைவு. கடைசியில் நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கும் கதை ஒன்றை எட்டு அத்தியாயமாக எழுதிக் கொடுத்தார். ஜெராக்ஸ் எடுத்துத் தைத்துக் கொடுத்தோம். அவருக்கு வட்டம் கடமைப்பட்டிருக்கிறது.

முதல் மாதம் தவறு செய்தோம். பத்திக்குப் பத்தி நிறுத்திக் கேள்வி கேட்டதில் கதை அறுந்தது. சிலர் வருவதையே நிறுத்தினார்கள். அப்புறம் மாற்றினோம். பாதி அத்தியாயத்தைப் பெரியவர் வாசிப்பார், மீதியைப் பிள்ளைகள் இருவர் இருவராகப் படிப்பார்கள். முடிவில் இரண்டே கேள்வி: "அவன் ஏன் அப்படிச் செய்தான்?", "உனக்கு எப்படித் தெரியும்?" இரண்டாவதற்கு விரலால் வரியைக் காட்ட வேண்டும்.

அவர்கள் பெரும்பாலும் தடுக்கியது எழுவாய் மறைந்த வாக்கியத்தில். "சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்" என்றால் யார்? பேச்சில் குரலும் முகமும் சொல்லிவிடும். எழுத்தில் வினையின் வால்தான் சொல்லும். அந்த 'ஆன்', 'ஆள்', 'ஆர்' பிடித்து ஆளைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது.

டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்து தென்பெண்ணை பெருகி, குண்டு உப்பலவாடிப் பக்கத்துப் பிள்ளைகளின் வீடுகளில் தண்ணீர் புகுந்தது. கதைத்தாள்கள் நனைந்து போயின. நான்கு அத்தியாயம் முடிந்திருந்த நேரம். ஜனவரியில் கூடியபோது முதலிலிருந்து தொடங்கலாம் என்றோம். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "வேணாம் சார், நான் சொல்றேன்" என்று நான்கையும் வரிசை மாறாமல் சொன்னாள். நடுவில் ஒரு பையன், "தாத்தா கோவப்படல, பயந்துட்டாரு" என்று திருத்தினான். தாத்தா பயந்ததாக அந்தக் கதையில் எங்கும் எழுதவில்லை. எழுதிய ஆசிரியை அங்கேயே கண் கலங்கிவிட்டார்.

வரும் ஜூனுக்கு இன்னும் இரண்டு கதைகள் வேண்டும். எழுதக்கூடியவர்களும், சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டக்கூடியவர்களும் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வீட்டில் கதை சொல்லும்போது உச்சரிப்பைத் திருத்த வேண்டாம், "சரி, அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள்.

நன்றி.

செயலாளர்